பாய் விரித்துப் படம் பார்ப்பது எப்படி

இருபத்தாறு வருட அரசாங்க உத்தியோகத்தில் நான் எடுத்த படங்களில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் நிற்பார்கள். புது மலசலகூடத்தின் கதவு, பக்கத்தில் பயனாளி, நெஞ்சோடு பிடித்த மட்டையில் பெயரும் இலக்கமும். மட்டக்களப்பில் வாகரையிலிருந்து வெல்லாவெளி வரைக்கும் அப்படி எத்தனை எடுத்தேன் என்று கணக்கில்லை. வேலை தொடங்க முன்னம் ஒன்று, முடிந்த பின்னம் ஒன்று, கோப்பில் குத்தி மேலே அனுப்பினால் மிச்சக் காசு வரும். பென்சன் எடுத்த பிறகு ஒரு நாள் வீட்டில் மிஞ்சிக் கிடந்த பிரிண்டுகளைப் புரட்டினேன். கதவின் நிறம், கூரைத் தகரம், மேசன் விட்ட பிழை எல்லாம் ஞாபகம் வந்தது. நின்ற மனிசிமாரில் ஒருவருடைய பெயரைக்கூட மட்டையைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. அவர்களில் ஒருவருக்கும் நான் ஒரு கொப்பி கொடுத்ததுமில்லை.

அந்த உறுத்தலில் தொடங்கியதுதான் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் நடக்கும் படம் பார்க்கிற கூட்டம். ஆட்களையும் அன்றாடம் நாம் புழங்கும் இடங்களையும் எடுத்த படங்கள் மட்டும்தான் அங்கே வரும். கல்யாண அல்பம், பாசிக்குடாச் சூரியன், பூவில் இருக்கும் வண்ணத்துப்பூச்சி எதுவும் வராது. இதை எப்படி நடத்துறது என்று களுவாஞ்சிக்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். கமரா வாங்குவது பற்றி இதில் ஒன்றுமில்லை. போன் போதும்.

எட்டுப் பேருக்குக் குறைந்தால் கதை ஓடாது. பன்னிரண்டைத் தாண்டினால் பின்னால் இருப்பவர் போனை எடுத்துவிடுவார். கதிரை வேண்டாம், பாய் விரியுங்கள். கதிரையில் இருந்தால் படம் மடியோடு நின்றுவிடும், பாயில் இருந்தால் நடுவில் பரவும். நேரம் பின்னேரம் நாலரை. வெளிச்சம் இருக்கும், வெக்கை இறங்கியிருக்கும், சோறு கறி சமைத்துப் போடவும் தேவையில்லை. பிளேன்டீயும் கச்சான் கடலையும் போதும். கச்சான் கோதைப் படத்துக்குக் கிட்டப் போடாதீர்கள், உப்பு ஒட்டும்.

ஆளுக்கு மூன்று படம், மூன்றும் கழுவி வரவேணும். கழுவ ஒன்றுமில்லாத காலத்திலும் பிரிண்ட் போடுவதை நாங்கள் படம் கழுவுவது என்றுதான் சொல்கிறோம். போனில் காட்டினால் என்ன என்று புதிதாக வரும் எல்லாரும் கேட்பார்கள். போனில் விரல் சும்மா இருக்காது. ஒரு முகத்தை அரைச் செக்கன் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தள்ளும். கடதாசியைத் தள்ள முடியாது, கையில் பிடித்துக்கொண்டுதான் இருக்கவேணும். சாதாரண 4×6 அளவு போதும். கடைக்கு அனுப்பும்போது ஒரு சின்ன விசயம்: வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருக்கிவிடும். 6 அங்குல நீளத்துக்கு அது சமாளிக்கும். அதையே 12 அங்குலத்துக்குப் பெருப்பித்தால் அங்குலத்துக்கு 133 புள்ளிதான் மிஞ்சும். நல்ல பிரிண்டுக்கு 300 வேணும் என்பார்கள், 200க்குக் கீழே போனால் முகம் மெழுகு பூசிய மாதிரித் தெரியும். ஆகவே டொக்கியுமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள், எடுத்த அளவிலேயே போய்ச் சேரும்.

கடைத் தம்பியிடம் வாயாலும் சொல்லவேணும்: "ஒண்டும் வெளுக்காதீங்க மனே, எடுத்த மாதிரியே போடுங்க." நான் சொல்லாமல் விட்ட ஒரு தரம், திருக்கோவிலில் கரைவலை இழுக்கிற ஒருவர் கொழும்பு மாப்பிள்ளை மாதிரி ரோஸ் நிறத்தில் வந்து சேர்ந்தார். வெயிலில் நாற்பது வருடம் நின்று எடுத்த நிறத்தை ஒரு பொத்தானில் கழுவிவிட்டார்கள். எங்கள் போன்களும் இதைத்தான் செய்கின்றன. முகத்தை மினுக்கும் பியூட்டி வசதி கேளாமலே போட்டிருக்கும், தேடிப் பிடித்து நிறுத்துங்கள். எங்கள் ஆட்களின் கறுப்புக்கு வெள்ளைச் சுவரை முதுகில் வைக்காமல் இருப்பதே பாதி மருந்து. சுவர் வெளிச்சத்தைக் கண்டு போன் எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகத்தை விரலால் தொட்டால் சரிவரும்.

வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்லுவேன், எங்கள் ஊர்ப் பெயரே மிச்சத்தைச் சொல்லும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் விடிய ஆறு மணிக்குக் கடலிலிருந்து நேரே முகத்துக்கு வெளிச்சம் வரும். பின்னேரம் படுவான்கரையில் வட்டை (வயல்) வரம்பில் நின்றால் பொன் நிறம். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் எங்களுக்குச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். அப்போது நடுப்பகலில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான். வேறு வழியில்லாவிட்டால் ஆளை வாசல் நிலைக்கு ஒரு அடி உள்ளே இருத்துங்கள். முற்றத்து வெள்ளை மணல் கீழிருந்து வெளிச்சத்தை ஏற்றிக் கொடுக்கும், இதற்கு ஸ்டூடியோக்காரர் காசு கொடுத்துக் குடை வாங்குவார்கள். முகம் எடுக்க எனக்கு மாரிகாலத்து மப்பு வானம்தான் விருப்பம், நிழலே விழாது.

பாய்க்கு வருவோம். எல்லாப் படத்தையும் கவிழ்த்துப் பரப்புங்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேணும், தன்னுடையது வந்தால் திரும்ப வைக்கவேணும். பிறகு ஒரு நிமிடம் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரியும். அது முடிந்ததும் கையில் இருக்கும் படத்தில் கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொல்லவேணும். அழகு, சூப்பர், வேற லெவல் மூன்றுக்கும் தடை. பெரிய தடை "பாவம்" என்ற சொல்லுக்கு. எங்கள் விறாந்தையில் பாவம் சொன்னவர் அன்றைக்குக் கோப்பை கழுவவேணும். எடுத்தவர் கடைசி வரை சத்தம் போடாமல் இருக்கவேணும், விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், பொறுக்கவேணும்.

ஒரு படத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். வந்தாறுமூலை கம்பஸில் படிக்கும் பையன் ஒருவன் கொண்டுவந்தது. செங்கலடியில் ஒரு தேத்தண்ணிக் கடை, விடியப்புறம். கடைக்காரர் கையை உயர்த்தித் தேத்தண்ணி ஆற்றுகிறார், இரண்டு கோப்பைக்கும் நடுவில் தேத்தண்ணி ஒரு பழுப்புக் கயிறு மாதிரி நிற்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் வாங்கில் இருக்கிறார். படம் முதலில் போனது ஒரு வாத்தியார் கைக்கு. "லைட்டிங் நல்லம்" என்று சொல்லி வைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. "லைட்டிங்க விடுங்க சேர், என்ன தெரியிது?" அவர் மறுகா பார்த்தார். கலண்டர் தாள் போன மாதத்தில் நிற்கிறது என்றார். காத்தான்குடியிலிருந்து வரும் காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். "மேல் கோப்பை புடிச்ச கையில ரெண்டு விரல் மடங்கல்ல, பாருங்க. அந்தாள் மத்த மூண்டு விரலாலதான் புடிச்சிரிக்கார்." நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம், உண்மைதான். தையல் செய்யும் தங்கச்சி கடைக்காரரின் சேர்ட்டைப் பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது பொத்தான் வேறு பொத்தான், நூலும் வேறு நிறம், அவரே தைத்திருக்கவேணும் என்றாள், ஏனென்றால் குறுக்கே தைக்காமல் ஒரே பக்கமாகத் தைத்திருக்கிறதாம்.

அதற்குப் பிறகுதான் ஒரு சின்னப் பிள்ளை, யாரோ ஒருவருடைய மகள், கேட்டது: "வாங்கில ஒராள்தானே இரிக்கார், ஏன் ரெண்டு கிளாஸ்?" உண்மை. மேசையில் பாதி குடித்த கிளாஸ் ஒன்று தனியாக நிற்கிறது, மேலே இன்னும் ஆவி. அது யாருடையது? ஆளுக்கொரு கதை சொன்னோம். பையன் முகம் சிவந்து போய் இருந்தான். கடைசியில் அவனுடைய முறை வந்தபோது சொன்னான், அது அவனுடைய கிளாஸ். படம் எடுக்க எழும்பியபோது வைத்துவிட்டுப் போனது. தான் படத்துக்குள் இருக்கிறேன் என்று அவனுக்கே அதுவரை தெரியாது.

அடுத்த வாரம் அந்தப் படத்தைக் கொண்டுபோய் கடைக்காரரிடம் கொடுக்கச் சொன்னோம். விரலைப் பற்றி, பொத்தானைப் பற்றி, கயிறு மாதிரி நின்ற தேத்தண்ணியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடைப் போர்டு வெட்டுப்பட்டுப் போச்சே மனே" என்றாராம். நாங்கள் ஒரு மணித்தியாலம் பேசிய படத்தில் போர்டு இல்லை என்பதை ஒருவரும் காணவில்லை.

ஆகவே வட்டம் முடியும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எடுத்தவர் எங்கே நின்றார், கிட்டவா எட்டவா, நின்றா குந்தியா? படத்தின் ஓரத்துக்கு வெளியே என்ன இருந்திருக்கும்? படத்தில் இருப்பவர் இதைப் பார்த்தால் முதலில் எதைத் தேடுவார்? மூன்றாவதற்கு நீங்கள் சொல்லும் பதில் அனேகமாகப் பிழைக்கும். போய்க் கேட்டுவிட்டு வந்து அடுத்த போயாவுக்குச் சொல்லவேணும்.

இனி, நான் பட்ட பாடு. கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். நைட்டி, தோளில் துவாய், நெற்றியில் உப்புப் பூத்திருந்தது. எடுக்கட்டா என்று கேட்டேன். "எடுங்க மிஸ்" என்றாள். நல்ல படம், இன்றைக்கும் சொல்லுவேன். அன்று இரவே பேஸ்புக்கில் போட்டேன், ஆட்கள் இதயம் இதயமாகப் போட்டார்கள். மூன்றாம் நாள் அவளுடைய தம்பி போன் எடுத்தான். கட்டாரில் இருக்கும் புருசன் பார்த்துவிட்டானாம், ஊருக்கு முன்னால் நைட்டியோடு நிற்கிறாள் என்று ஒரே சண்டையாம். உடனே அழித்தேன். அழித்தால் போதாது என்று பஸ் ஏறிப் போனேன். அவள் ஏசவில்லை. "படம் புடிக்கத்தானே மிஸ் ஓம் எண்டு சொன்னன். ஊருக்குக் காட்டச் சொன்னனா?" என்று மட்டும் கேட்டாள்.

அதிலிருந்து என் கொப்பியில் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். எடுக்கலாமா, பாயில் காட்டலாமா, இன்டர்நெற்றில் போடலாமா. மூன்றையும் தனித்தனியே கேட்கவேணும். முதலாவதற்கு ஓம் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் மூன்றாவதற்கு யோசிப்பார்கள், யோசித்தால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேட்கவேணும், பள்ளிக்கூடச் சின்னம் தெரியக்கூடாது, போனில் இடம் பதியும் வசதியை நிறுத்திவிட வேணும். முஸ்லிம் ஊர்களில் வீட்டு ஆம்பிளையிடம் கேட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அந்த ராத்தாவிடமே (அக்காவிடமே) கேளுங்கள். முகம் வேண்டாம் என்றால் கையை எடுங்கள், பாய் இழைக்கிற கையில் ஒரு முகத்தளவு விசயம் இருக்கிறது. சாவீடு, வைத்தியசாலைக் கட்டில், காவலரண் பக்கம் போனால் போன் பையில் இருக்கட்டும். காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு றோட்டோரம் இருக்கும் அம்மாமாரிடம் போனால், அவர்களை எடுப்பதற்கு முன்னம் கையில் இருக்கும் படத்தைப் பற்றிக் கேளுங்கள். அது எப்போது எடுத்தது, யார் எடுத்தது. அதற்குப் பிறகு உங்களுக்கு எடுக்க மனம் வருகிறதா என்று பாருங்கள்.

படத்தின் பின்பக்கத்தில் எழுதுவதற்கும் ஒரு பழக்கம் வேணும். "வறுமையிலும் மாறாத புன்னகை" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். படத்தில் இருந்த அம்மாவைக் கூட்டத்தில் ஒருவருக்குத் தெரியும், அவவுக்கு ஏழு ஏக்கர் வயலும் பட்டி எருமையும் இருக்கிறது. குந்தியிருந்து வெற்றிலை போட்டால் ஏழை என்று கணக்கு. இப்படி எழுதுங்கள்: குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் பாதையில், வெள்ளிக்கிழமை காலை, மடியில் இருப்பது மகளுக்குக் கொண்டுபோகும் தயிர்ச் சட்டி. இடம், நாள், என்ன செய்கிறார், ஆள் சம்மதித்தால் பெயர். மிச்சத்தைப் படம் சொல்லட்டும். வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் எங்களுக்கு ஆற்றைக் கடக்கிற தட்டுப் படகு.

பெயர் கேட்பது சின்ன விசயம் இல்லை. 1936இல் கலிபோர்னியாவில் டொரோத்தியா லாங் என்ற பெண், அரசாங்கத் திட்டம் ஒன்றுக்காகப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தவர், பட்டாணி பிடுங்க வந்த கூலிகளின் முகாமில் ஒரு தாயை எடுத்தார். தோளில் இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்க, அவள் கன்னத்தில் கை வைத்துத் தூரத்தைப் பார்ப்பாள். உலகத்தில் ஆகக்கூடுதலாக அச்சான படங்களில் அது ஒன்று. பெயரைத் தான் கேட்கவேயில்லை என்று லாங் பிறகு தானே எழுதினார். 1978இல் அந்தத் தாய் கிழவியான பிறகுதான் அது யார் என்று பேப்பரில் வந்தது. படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவர் மனவருத்தத்தோடு இருந்தார். லாங்கும் என்னைப் போல அரசாங்கக் கோப்புக்குப் படம் எடுத்தவர்தான். நான் குறைந்தபட்சம் மட்டையிலாவது பெயர் எழுதினேன் என்று ஒரு அற்ப ஆறுதல்.

வருடத்துக்கு ஒரு தரம் தொங்கவிடுங்கள். மண்டபம் தேடி அலையவேண்டாம், படம் எடுத்த ஊரின் வாசிகசாலை விறாந்தையே நல்ல இடம். தேங்காய்த் தும்புக் கயிறு, உடுப்புக் கிளிப், நாலரை அடி உயரம். அதற்கு மேலே கட்டினால் ஆச்சிமார் அண்ணாந்து பார்க்கவேணும். லமினேட் பண்ணாதீர்கள், வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரியாது. அறுபது படம் இருந்தால் பன்னிரண்டைத் தெரிந்தெடுங்கள். ஒரே சாடையில் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், அழுகை வந்தாலும். கடற்காற்று அடிக்கும் பக்கம் என்றால் கீழ் மூலையிலும் ஒரு கிளிப்.

மருதமுனையில் தறி வீடுகளில் எடுத்தவற்றை அங்கேயே தொங்கவிட்டோம். நான் மிகவும் விரும்பிய படம் ஒன்று, சாரத்துக்கு நூல் ஓடும் தறி, பின்னால் ஒரு ராத்தா. அவவே வந்து பார்த்தா. "இதுல நூல் அறுந்து கிடக்கு, தெரியல்லியா? அந்த நேரம் நான் தறிய நிப்பாட்டி இரிக்கணும். இதக் கழட்டுங்க" என்றா. நூறு பேர் பாராட்டியிருந்தாலும் அந்தக் கண் எங்களுக்கு வராது. கழற்றினோம். வேறொன்று எடுக்க விட்டா.

படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள், போனை நம்பாதீர்கள். 1944இல் செத்துப்போன கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டின் நெகட்டிவ்கள் அவருக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. அவர் போட்டு வைத்த பிரிண்டுகள்தான் மிச்சம். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அல்பம் என்ற சாமான் இல்லாத வீடுகள் எத்தனை. சுவரில் மாலையோடு தொங்குவது அனேகமாக அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, காது இரண்டும் தெரிய, சிரிக்காத முகம். சிரித்த படம் ஒன்று கிடைக்குமா என்று எங்கள் கூட்டத்துக்கே ஆட்கள் தேடி வந்திருக்கிறார்கள். பழைய கோப்புப் பிரிண்டுகளுக்குள் ஒருவருக்கு, அதுவும் ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற மகனின் பாதி முகம், கிடைத்தது.

எடுத்த படத்தை அதில் இருக்கும் ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது முழு வேலையிலும் கஸ்டமானது. ஆட்கள் ஊர் மாறுவார்கள், வெளிநாடு போவார்கள், பெயரைச் சொன்னால் ஊரில் அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். சந்திக் கடையில் படத்தைக் காட்டுங்கள், பெயரைவிட முகம் கெதியாக வேலை செய்யும். தபாலில் போடாதீர்கள், மடியும்.

என் பழைய மலசலகூடப் படங்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறேன். போன மாதம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். அவ படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கதவைத்தான் பேசினா. "இந்தக் கதவு உக்கிப் போய் எவ்வளவு காலம்." மறுகா தன்னுடைய முகத்தைப் பார்த்து, அந்த நேரம் எவ்வளவு மெலிவு என்றா. பிறகு, "இன்னொண்டு எடுங்க மிஸ், மட்டை வேணாம், என்ட மாட்டோட எடுங்க" என்றா. நல்ல வெளிச்சம், பின்னேரம் ஐந்து மணி. அவ சரியாக நின்றா. மாட்டைத்தான் திருப்ப முடியவில்லை. "இஞ்சால கிறுகு, இஞ்சால கிறுகு" என்று அவ கயிற்றை இழுக்க, அது வைக்கோலை விட்டு அசையவில்லை. பதினொரு படத்திலும் மாட்டின் பின்பக்கம்தான். ஒன்றில் அவ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா, அதைக் கழுவக் கொடுத்திருக்கிறேன்.